நட்டம் போய் நின்ற இடம்: பர்மா நெல்லும் முதலாளித்துவத்தின் உலக வரலாறும்

1930இல் கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பெயரில் இருந்தது. 1937இல் அது 25 பங்காகிவிட்டது. ஏழே ஆண்டுகளில், உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த ஒரு சமவெளியின் நாலில் ஒரு பங்கு, வங்கக் கடலின் எதிர்க்கரையில் காரைக்குடியையும் தேவகோட்டையையும் சுற்றி வாழ்ந்த ஒரு சிறு சமூகத்தின் கைக்கு வந்துசேர்ந்தது.

இந்தப் புள்ளிவிவரத்தை வைத்து இரண்டு கதைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. பர்மியத் தேசியவாதிகள் சொன்ன கதையில் செட்டியார் கடன் கொடுத்து நிலத்தைப் பறித்த அந்நியர். செட்டிநாட்டு நினைவுகளில் அவர் கடல் கடந்து உழைத்து, நாணயத்தால் உயர்ந்து, கடைசியில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் செட்டியாரின் குணத்தைப் பற்றிய கதைகளாக இருப்பதுதான் குறை. ஒன்றில் அவர் பேராசைக்காரர், மற்றொன்றில் சிக்கனக்காரர். அந்த 25 பங்கு நிலத்தைச் செட்டியார்கள் விரும்பி வாங்கவில்லை என்ற எளிய உண்மை இந்த இரண்டு கதைகளிலும் சரியாகப் பொருந்துவதில்லை. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது வட்டியோடு திரும்பிவரும் பணம். விலைபோகாத காலத்தில் கைக்கு வரும் நிலம் அவருக்கு முடங்கிய முதல். அதற்குத் தீர்வை கட்டவேண்டும், குத்தகைக்காரரைத் தேடவேண்டும், குத்தகை வராவிட்டால் வழக்குக்கு அலையவேண்டும்.

வேண்டாத நிலம் வேண்டாதவரிடம் ஏன் வந்து சேர்ந்தது? இதற்கான விடை பர்மாவில் மட்டும் இல்லை, செட்டிநாட்டிலும் மட்டும் இல்லை. லண்டன், ஹாம்பர்க், கொழும்பு, கோலாலம்பூர், தஞ்சாவூர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகிறது. முதலாளித்துவத்தின் வரலாற்றை உலகளாவிய பார்வையில் படிக்கவேண்டும் என்று இன்று பல்கலைக்கழகங்களில் பேசுகிறார்கள். அந்தப் பார்வை உண்மையில் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்க பர்மா நெல்லைவிட நல்ல உதாரணம் தமிழருக்குக் கிடைப்பது அரிது.

இந்தத் துறையின் பழைய வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலாளித்துவம் இங்கிலாந்தின் வயல்களிலும் ஆலைகளிலும் பிறந்து, பிறகு கப்பலேறி மற்ற நாடுகளுக்குப் போனது என்பது நெடுங்காலம் பாடப்புத்தகக் கதையாக இருந்தது. பின்னாளில் டிரினிடாட் டொபாகோவின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ், 1944இல் வெளியிட்ட ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ என்ற நூலில், கரும்புத் தோட்டங்களின் அடிமை உழைப்பையும் பிரிட்டிஷ் தொழில்வளர்ச்சியையும் ஒரே கணக்கேட்டில் வைத்துப் பார்த்தார். 1974 முதல் இம்மானுவேல் வாலர்ஸ்டீன் உலகத்தையே மையம், விளிம்பு, இடைநிலை என்று பிரித்து ஓர் அமைப்பாக விளக்கினார். ராபர்ட் பிரென்னர் இதை மறுத்தார். வணிகம் பெருகிவிட்டால் முதலாளித்துவம் வந்துவிடாது, நிலத்தோடும் உழைப்போடும் உள்ள வர்க்க உறவு மாறவேண்டும் என்பது அவர் கட்சி. 2000இல் கென்னத் பொமரன்ஸ் சீனத்தின் யாங்சி கழிமுகத்தை இங்கிலாந்தோடு ஒப்பிட்டு, 18ஆம் நூற்றாண்டுவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றார். பிரசன்னன் பார்த்தசாரதி தென்னிந்திய நெசவாளர்களிலிருந்து தொடங்கி, இந்தியத் துணியோடு போட்டிபோட வேண்டிய நெருக்கடிதான் லங்காஷயரை இயந்திரத்தின் பக்கம் தள்ளியது என்று வாதிட்டார். ஸ்வென் பெக்கர்ட் 2014இல் பருத்தி ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து ஐந்து கண்டங்களைச் சுற்றிவந்தார்.

இவற்றில் பெரும்பாலான நூல்கள் லாபத்தைத் தேடிப் போகின்றன. செல்வம் எங்கே குவிந்தது, ஐரோப்பா ஏன் முந்தியது என்பவைதான் அவற்றின் கேள்விகள். எனக்கு இன்னொரு வழி மேலானதாகப் படுகிறது. விலை ஏறும் காலத்தில் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒன்றுபோலத் தெரியும். விவசாயிக்கும் பணம், தரகருக்கும் பணம், வங்கிக்கும் பணம். விலை விழும்போதுதான் யார் யாருக்குக் கீழே என்பது வெளிப்படுகிறது. ஆகவே நட்டம் யார் கையிலிருந்து யார் கைக்குத் தள்ளப்பட்டது, கடைசியில் எங்கே போய் நின்றது என்று தேடினால் முதலாளித்துவத்தின் உண்மையான வரைபடம் கிடைக்கும்.

கழிமுகத்தைக் கட்டிய நான்கு கைகள்

பிரிட்டிஷார் 1852இல் கீழ்பர்மாவைப் பிடித்தபோது ஐராவதிக் கழிமுகத்தின் பெரும்பகுதி சதுப்பும் காடுமாக இருந்தது. நெல் விளைந்த பரப்பு 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ரங்கூன், பஸ்ஸீன், மௌல்மீன், அக்யாப் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியது. இவ்வளவு பெரிய மாற்றம் மூன்று தலைமுறைக்குள் நடந்து முடிந்தது.

இந்த வேலையில் முதல் கை பர்மிய விவசாயியுடையது. மேல்பர்மாவின் வறண்ட பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கிவந்து காட்டை வெட்டி, கொசுவோடும் மலேரியாவோடும் போராடி, கரையெடுத்து வயலாக்கியவர்கள் அவர்கள். இரண்டாவது கை சந்தையுடையது. தொடக்கத்தில் பர்மா அரிசி ஐரோப்பாவுக்குப் போனது. அமெரிக்க உள்நாட்டுப் போர் கரோலினா அரிசியின் வரத்தைக் குலைத்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. லிவர்பூலிலும் ஹாம்பர்க்கிலும் பிரேமனிலும் இறங்கிய அரிசி உணவுக்கு மட்டுமல்லாமல் கஞ்சிப்பசைக்கும் சாராயம் வடிக்கவும் போனது. பிறகு சந்தை கிழக்கே திரும்பியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களும் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் தின்றது பெரும்பாலும் பர்மா, சயாம் அரிசி. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டக் கூலி குறைவாக இருக்க முடிந்ததற்கு இந்த மலிவான அரிசியும் ஒரு காரணம். லண்டனில் ரப்பர்ப் பங்கு வாங்கியவரின் ஆதாயத்தில் ஐராவதியின் சேறும் கலந்திருந்தது.

மூன்றாவது கை சட்டத்துடையது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 1876ஆம் ஆண்டின் நில, வருவாய்ச் சட்டம், தொடர்ந்து 12 ஆண்டுகள் நிலத்தை அனுபவித்துத் தீர்வை கட்டியவருக்கு நிரந்தர உரிமை தந்தது. அந்த உரிமையை விற்கலாம், வாரிசுக்கு விடலாம், அடகு வைக்கலாம். குடியானவர்களின் நாட்டை உருவாக்கும் நல்லெண்ணம் இதில் இருந்தது என்றே அதிகாரிகள் எழுதினார்கள். நல்லெண்ணம் எப்படியிருந்தாலும், சட்டம் செய்த காரியம் ஒன்று: சேற்றுநிலம் முதன்முறையாகக் கடனுக்கு ஈடாகும் சொத்தாயிற்று. நிலத்தின் மேல் பட்டா எழுதப்பட்ட பிறகுதான் கடன்காரர் அந்த நிலத்தைத் தேடி வரமுடியும்.

நான்காவது கை பணத்துடையது. காட்டைத் திருத்தி முதல் அறுவடை எடுக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதுவரை சோறும் மாடும் விதையும் கூலியும் கடனில்தான் வரும். பிரிட்டிஷ் வங்கிகள் பெரிய நகரங்களைத் தாண்டிக் கால்வைக்கவில்லை. மொழி தெரியாத ஊரில், ஆற்றுவழியில் மட்டும் போகக்கூடிய கிராமத்தில், நூறு இருநூறு ரூபாய்க் கடனை அவர்களால் கொடுத்து வசூலிக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் செட்டியார் கடை நுழைந்தது.

கோயிலும் பேரேடும்

மாக்ஸ் வேபர் 1916-17இல் இந்திய மதங்களைப் பற்றி எழுதியபோது, சாதிக் கட்டுப்பாடுகள் நிறைந்த ஒரு சமூகத்திலிருந்து நவீன முதலாளித்துவம் தானாகக் கிளைக்க வழியில்லை என்ற முடிவுக்கு வந்தார். அதே காலத்தில் ரங்கூன் முகல் தெருவில் நடந்துகொண்டிருந்தது அவருடைய கண்ணில் படவில்லை. அங்கே செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுத்துவாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டி நிர்ணயித்தார்கள். அந்த வட்டிதான் பர்மா முழுவதிலும் இருந்த கடைகளுக்கு அளவுகோல்.

மானுடவியலாளர் டேவிட் ரட்னர் 1994இல் வெளிவந்த தமது ஆய்வில் இதை விரிவாக விளக்கினார். நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் சாதி அமைப்பே ஒரு வங்கி அமைப்பாக வேலைசெய்தது என்பது அவர் கண்டது. ஒன்பது நகரக் கோயில்கள் திருமண உறவுகளை ஒழுங்குபடுத்தின. திருமண உறவுகள் நம்பிக்கையின் எல்லையை வகுத்தன. நம்பிக்கையின் எல்லைக்குள் ஈடில்லாமல் பணம் புழங்கியது. கோயில் பணம், ஆச்சிமார் பணம், மகமை எல்லாம் கடைகளில் வைப்பாக இருந்து வட்டி ஈட்டின. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு கற்று, அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாகிக் கடையை நடத்துவான். மேலாளுக்குத் தவணை மூன்று ஆண்டு. தவணை முடிந்தால் ஐந்தொகை எடுத்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பவேண்டும். ரங்கூனில் எழுதிய உண்டியலை, அதாவது பணமாற்றுச் சீட்டை, மதுரையில் மாற்றலாம், கொழும்பில் மாற்றலாம். முதலாளியின் விலாசத்தை, அதாவது கடைப்பெயரை, சொன்னாலே போதும், மறுகடை பணம் தரும்.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி நாடு முழுவதும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. இதில் பெரும்பகுதி சொந்த முதலும் சாதிக்குள்ளிருந்து திரண்ட வைப்புகளும். வங்கிகளிடம் வாங்கியது சிறு பங்கே. ஆனால் அந்தச் சிறு பங்குதான் அறுவடைக் காலத்தில் அவசரத்துக்கு உதவும் பணம், சட்டென்று நிறுத்தக்கூடிய பணமும் அதுதான். நிலத்தை ஈடாகக் கொடுத்த விவசாயிக்குச் செட்டியார் விதித்த வட்டி ஆண்டுக்குப் பொதுவாக 15 முதல் 24 விழுக்காடு வரை. இன்றைய காதுக்கு இது கொள்ளையாகக் கேட்கும். உள்ளூர்ப் பர்மியக் கடன்காரர்களும் சீனக் கடைக்காரர்களும் இதைவிட அதிகம் வாங்கினார்கள் என்று விசாரணைக் குழுவே பதிவுசெய்தது. அந்தப் பர்மியக் கடன்காரர்களில் பலர் செட்டியாரிடம் வாங்கித்தான் மறுகடன் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

வாலர்ஸ்டீனின் வரைபடத்தில் இவர்களை எங்கே வைப்பது? காரைக்குடி மையம் இல்லை. மழையை நம்பிய வறண்ட பூமி அது. செட்டியார் பிரிட்டிஷ் குடிமகனும் இல்லை, பிரிட்டிஷ் பேரரசின் ஆளப்படும் பிரஜை. ஆனால் இன்னொரு காலனியின் மண்ணில் அவர் முதல்போட்டவர். மையம், விளிம்பு என்ற பிரிப்பு நாடுகளுக்கு ஓரளவு பொருந்தலாம். ஒரு காலனியிலிருந்து இன்னொரு காலனிக்குப் போன பணத்தை அது கண்டுகொள்வதில்லை. உலக வரலாறு என்ற பெயரில் எழுதப்படும் பல நூல்களில் ஆசிய முதல் ஒரு பத்தியில் வந்து போய்விடுவதற்கு இந்தச் சட்டகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரஜத் காந்த ரே போன்றவர்கள் ‘பஜார்’ என்ற தனி அடுக்கைப் பற்றி எழுதி இதைச் சரிசெய்ய முயன்றார்கள். ஐரோப்பிய வங்கிக்கும் கிராமத்து வட்டிக்கடைக்கும் நடுவே, உண்டியலால் இணைந்து, ஜான்சிபார் முதல் சிங்கப்பூர்வரை பரந்திருந்த அடுக்கு அது.

பிரென்னரின் எச்சரிக்கையும் இங்கே பயன்படுகிறது. செட்டியார் நெல் விளைவிக்கும் முறையை மாற்றவில்லை. இயந்திரம் கொண்டுவரவில்லை, வயலுக்கே போகவில்லை. பணத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கினார். என்றாலும் அந்தப் பணம் வந்த பிறகு கழிமுகத்தின் விவசாயம் பழைய குடும்ப விவசாயமாக நிற்கவில்லை. பர்மாவில் அதிகாரியாக இருந்து பின்னர் அறிஞராக மாறிய ஜே. எஸ். ஃபர்னிவால், இதை ஆலைத் தொழிலுக்கு ஒப்பான விவசாயம் என்றே விவரித்தார். உழ ஒரு கூட்டம், நாற்று நட ஒரு கூட்டம், அறுக்க ஒரு கூட்டம், எல்லாம் பருவக் கூலி. அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தெலுங்கரும் தமிழரும் ஒரியரும் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். இந்த ஊரைப் பார்த்துத்தான் ஃபர்னிவால் தமது புகழ்பெற்ற கருத்தை வடித்தார்: பல இனங்கள் ஒரே ஆட்சியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன, ஆனால் சந்தையில் மட்டுமே சந்தித்துக்கொள்கின்றன.

சரிவு

சங்கிலியின் மேல்முனையில் அரிசி ஆலைகள் இருந்தன. ஸ்டீல் பிரதர்ஸ் உள்ளிட்ட பெரிய ஐரோப்பியக் கம்பெனிகள் நெல்லை வாங்கி அரைத்து ஏற்றுமதி செய்தன. 1921இல் நான்கு பெரிய கம்பெனிகள் சேர்ந்து புல்லிங்கர் பூல் என்ற கூட்டை அமைத்தன. தங்களுக்குள் போட்டியில்லாமல் நெல்லைக் குறைந்த விலைக்கு வாங்குவது அதன் நோக்கம். நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை, விவசாயிக்கு நேரடியாகக் கொடுத்த கடனும் அதிகமில்லை. அவர்களிடம் இருந்தவை ஆலையும் கப்பல் ஏற்பாடும் தந்தி வழி வரும் விலைத் தகவலும். கைமுதலைக் குறைவாகப் போட்டுக் கழுத்துப் பகுதியைப் பிடித்துக்கொள்வது என்று இதைச் சொல்லலாம்.

1930 இறுதியில் விலை உடைந்தது. சில மாதங்களில் நெல் ஏறத்தாழப் பாதி விலைக்கு இறங்கியது. கடனோ பழைய விலையில் எழுதப்பட்டது. தீர்வையும் தலைவரியும் ரூபாயில் கட்டவேண்டும், விலை விழுந்தது என்பதற்காக அவை தானாகக் குறையவில்லை. நூறு கூடை நெல்லை விற்று அடைக்கக்கூடியதாக இருந்த கடனுக்கு இப்போது இருநூறு கூடை வேண்டும்.

நட்டம் நகரத் தொடங்கியது. ஆலைகள் உலக விலை குறைந்ததற்கு ஏற்பக் கொள்முதல் விலையைக் குறைத்தன. அதோடு அவர்கள் பங்கு முடிந்தது. வங்கிகள் செட்டியார்களுக்குப் புதுக் கடன் தருவதை இறுக்கின, கொடுத்ததைத் திரும்பக் கேட்டன. செட்டியார் கடைகள் பெரும்பாலும் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனிகளாக இருக்கவில்லை. கடன் முதலாளியின் சொந்தக் கடன், அவர் வீட்டின் கடன். வங்கிக்குப் பணம் திரும்பாவிட்டால் விலாசத்தின் பெயர் கெடும், பெயர் கெட்டால் சாதிக்குள்ளும் பணம் பிறக்காது. ஆகவே வங்கிக்குக் கட்டினார்கள், கட்டுவதற்காகக் கீழே வசூலை முடுக்கினார்கள். கீழே பணம் இல்லை, நிலம்தான் இருந்தது. ஏலத்தில் வேறு வாங்குவோர் இல்லாததால் அதையும் கடன் கொடுத்தவரே எடுக்கவேண்டி வந்தது. நூற்றுக்கு 6 என்பது 25 ஆன கதை இதுதான்.

இதற்கு அடியிலும் படிகள் இருந்தன. நிலத்தை இழந்த பர்மியர் குத்தகைக்காரரானார், குத்தகைக்காரர் கூலியானார். கூலி வேலைக்கு ஏற்கெனவே இந்தியர்கள் இருந்தார்கள். விலை உடைவதற்கு முன்பே, 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை எடுத்தார்கள். பிறகு சமரசம் ஆனதும் பர்மியர்களை அனுப்பிவிட்டார்கள். வெடித்த கலவரத்தில் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்தியக் கூலிகள். கப்பல் முதலாளிகளுக்கும் கூலிகளுக்கும் நடந்த தகராறு இரண்டு இனங்களின் ஏழைகளுக்கு இடையிலான கொலையாக முடிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். பச்சை குத்திக்கொண்டு, தாயத்துக் கட்டிக்கொண்டு துப்பாக்கிக்கு எதிரே போனவர்கள் என்று காலனிய அதிகாரிகள் கேலியாக எழுதினார்கள். அவர்கள் தாக்கிய இலக்குகளைப் பார்த்தால் மூடநம்பிக்கையைவிட வரி பற்றிய தெளிவுதான் அதிகம் தெரிகிறது. ஊர்த் தலைவர்களும் வரிப் பதிவேடுகளும் அவர்கள் கோபத்துக்கு ஆளாயின. சயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். இயன் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் இந்த ஆண்டுகளை மறுபடி ஆராய்ந்து, பர்மிய விவசாயிகள் சும்மா நசுங்கிக் கிடக்கவில்லை என்று காட்டினார். குத்தகையைக் கொடுக்காமல், தீர்வையைத் தட்டிக்கழித்து, கடனைத் திருப்பாமல் நட்டத்தின் ஒரு பகுதியை மேலே தள்ளினார்கள். செட்டியார் கையில் நிலம் குவிந்ததோடு குத்தகை பாக்கியும் குவிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கும் தள்ளும் வலு கொஞ்சம் உண்டு. உலக வரலாறு எழுதுபவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

சரிவு கடலைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது. விற்பனைக்கு இடமில்லாத பர்மா, சயாம், இந்தோசீன அரிசி மலிவு விலையில் சென்னை மாகாணத்துக்கு இறங்கியது. காவிரிக் கழிமுகத்து நெல் விலை படுத்தது. தஞ்சாவூர் மிராசுதார்கள் கூக்குரல் இட்ட பிறகு 1935இல் இந்திய அரசு வெளிநாட்டு நொய்யரிசிக்குச் சுங்கம் விதித்தது. பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்ததால் பர்மா அரிசிக்கு அந்தச் சுங்கம் இல்லை. தஞ்சை மிராசுதாரின் நெல்லை விலைவிழச் செய்த அரிசியின் பின்னால் செட்டிநாட்டுப் பணமும் இருந்தது. ஒரே மாகாணத்தின் இரண்டு பணக்காரச் சமூகங்கள் ஒருவருக்கொருவர் போட்டி என்று அறியாமலேயே ரங்கூன் வழியாக மோதிக்கொண்டன. தமிழகப் பொருளாதார வரலாற்றைத் தமிழக எல்லைக்குள்ளேயே எழுதினால் இது கண்ணில் படாது.

எல்லை எழுதப்பட்டபோது

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு ஏழு வாரம் முன்பு, பிப்ரவரி 10 அன்று, எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்திருந்தது. கடையிலிருந்து வங்கிக்கும், உண்டியலிலிருந்து அந்நியச் செலாவணிக்கும் மாறவேண்டும் என்பதைச் சிலர் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோதே பாடம் கிடைத்திருந்தது. லண்டனில் நடந்த சூதாட்ட முதலீட்டின் நட்டம் சென்னையின் சிறு சேமிப்பாளர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு நகரத்தார் ஆதரவோடு இந்தியன் வங்கி பிறந்தது.

முதலைக் கரையேற்றியவர்கள் மலாயாவிலும் மதுரை, கோவை ஆலைகளிலும் போட்டார்கள். நிலத்தில் சிக்கியவர்களால் முடியவில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் வழியுள்ளவர்கள் முதலில் போனார்கள், மற்றவர்கள் அரக்கான் மலைகளிலும் மணிப்பூர்க் காடுகளிலும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியில் செத்தார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் நடைப் பயணத்தை எழுதிவைத்திருக்கிறார். முதலாளித்துவத்தின் உலக வரலாறு படிப்பவர்களுக்கு அது பயணநூல் மட்டும் இல்லை, சங்கிலி அறுந்தபோது யார் எந்த வழியாக வெளியேற முடிந்தது என்பதற்குச் சாட்சி.

பர்மா அரிசி நின்றதும் அதை நம்பியிருந்த இலங்கை, திருவிதாங்கூர், வங்காளம் எல்லாம் தவித்தன. 1943இல் வங்காளத்தில் 30 லட்சம் பேர் அளவுக்கு மாண்டார்கள். அமர்த்தியா சென் 1981இல் காட்டியபடி, மொத்த உணவுப் பற்றாக்குறை மட்டும் அந்தப் பஞ்சத்தை விளக்காது. போர்க்காலப் பணவீக்கத்தில் கூலிகளும் மீனவர்களும் அரிசி வாங்கும் வலுவை இழந்தார்கள். உலகச் சந்தையில் அரிசி பாய்ந்த காலத்தில் குறைந்த கூலி வாங்கியவர்களும், பாய்ச்சல் நின்றபோது பட்டினியால் செத்தவர்களும் ஒரே தட்டு மக்கள்.

விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் இயற்றியது. பர்மியக் குடியானவருக்கு அது நியாயமான சட்டம். அந்த நிலத்தின் மேல் முடங்கிக் கிடந்த செட்டிநாட்டு முதல் அதோடு போயிற்று. உறுதியளிக்கப்பட்ட இழப்பீடு பெயரளவில் நின்றது. 1962இல் நே வின் ஆட்சிக்கு வந்த பிறகு கடைகளும் வங்கிகளும் தேசியமயமாயின. அப்போது அகதிகளாகக் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் சிறுவணிகர்களும் கூலிகளும். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் என்று ஒரு தெருவே உருவானது.

கணக்கை மொத்தமாகப் பார்த்தால் நட்டம் நின்ற இடங்கள் தெரிகின்றன. ஆலைக் கம்பெனிகளும் வங்கிகளும் மிகக் குறைவாக இழந்தன. செட்டியார்கள் நிறைய இழந்தார்கள், ஆனால் இழப்பதற்கு அவர்களிடம் இருந்தது. முன்கூட்டியே பாதியை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பர்மிய விவசாயி நிலத்தை இழந்து, போருக்குப் பின் ஓரளவு மீட்டார். இந்தியக் கூலிக்கு எந்த மீட்பும் வரவில்லை. அவர் பெயர் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் ஏறவில்லை. செட்டியாரை வில்லனாகவோ தியாகியாகவோ எழுதும் கதைகள் இரண்டிலும் அந்தக் கூலி கூட்டத்தில் ஒருவராகவே வந்து போகிறார்.

எதை வைத்து எழுதுவது

இந்த வரலாற்றின் ஆதாரங்கள் மூன்று மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் விசாரணைக் குழு அறிக்கைகளும் நீதிமன்றப் பதிவுகளும் உள்ளன. பர்மிய மொழியில் விவசாயிகளின் பாடல்களும் பத்திரிகைகளும் உள்ளன. தமிழில் பேரேடுகளும் உண்டியல்களும் கடிதங்களும் உள்ளன. மூன்றையும் சேர்த்துப் படிப்பவர் அரிது. இதுவரை வந்த நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கில ஆவணங்களின் மேல் நிற்கின்றன. அவற்றில் செட்டியார் அதிகாரியின் கண்வழியாகத்தான் தெரிகிறார், பர்மியர் நீதிபதியின் கண்வழியாகத்தான் தெரிகிறார். கடைக்குள்ளிருந்து பார்த்த தமிழ் எழுத்து என்றால் ப. சிங்காரத்தின் நாவல்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. மேடான் நகரத்து வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் அவர். அவற்றை இலக்கியமாக மட்டும் வைத்துக்கொண்டு வரலாற்றாசிரியர்கள் ஒதுங்கியிருப்பது நட்டம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். இத்தாலியப் பளிங்கையும் பர்மாத் தேக்கையும் படம் பிடிக்கிறார்கள். வரலாற்றுக்கு அந்தத் தூண்களைவிடப் பயன்படுபவை மேல்மாடி அறைகளில் பெட்டிகளில் கட்டிக்கிடக்கும் கணக்குகள். எந்த ஊர் விவசாயிக்கு எந்த ஆண்டில் என்ன வட்டிக்குக் கொடுத்தார்கள், 1931இல் எந்தப் பற்று வரவாகாமல் நின்றது, வங்கிக்கு எப்போது கட்டினார்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். பாட்டன் காலத்துப் பேரேடும் ஐந்தொகையும் உண்டியல் கட்டும் வீட்டில் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம். குடும்ப ரகசியம் என்று தயங்கினால், பெயர்களை மறைத்துப் படியெடுக்கச் சொல்லியாவது ஒரு நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ கொடுங்கள்.